'சம்மதம்' என்று சொடுக்கிவிட்டால் எல்லாவற்றுக்கும் சம்மதமா?

2011 ஆகஸ்டில் எச்பி நிறுவனம் தன் டச்பேட் டேப்லெட்களுக்கு மூடுவிழா நடத்தியது. கையிருப்பில் இருந்தவை அடிமாட்டு விலைக்கு வந்தன. அமெரிக்காவின் பார்ன்ஸ் அண்டு நோபிள் இணையதளத்தில் ஒருவர் இரண்டு டேப்லெட்களுக்கு ஆர்டர் போட்டார். மறுநாளே, கிராக்கி அதிகம் என்று சொல்லி ஆர்டரை ரத்து செய்துவிட்டார்கள். அவர் வழக்குப் போட்டார். தளத்தின் விதிமுறைப்படி நடுவரிடம்தான் போக வேண்டும், நீதிமன்றத்துக்கு வரக் கூடாது என்றது நிறுவனம்.

அந்த விதிமுறைகள் எங்கே இருந்தன? ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும், இடது மூலையில், பச்சை எழுத்தில் அடிக்கோடிட்ட ஓர் இணைப்பாக. அதை அவர் திறக்கவே இல்லை. எதையும் டிக் செய்யும்படி தளமும் கேட்கவில்லை. 2014இல் ஒன்பதாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. வாங்கும்போது சொடுக்கும் பட்டனுக்குப் பக்கத்தில் இணைப்பைப் போட்டுவைத்தால் மட்டும் போதாது. வாங்குபவரின் கவனத்துக்குக் கொண்டுவந்து சம்மதம் கேட்டிருக்க வேண்டும் என்பது தீர்ப்பு.

கேட்டு, அவரும் டிக் செய்திருந்தால் கதையே வேறு. படிக்கவில்லை என்ற வாதம் பெரும்பாலும் எடுபடாது. இந்தியாவிலும் அப்படித்தான். மின்னணு வழியில் போட்டது என்பதற்காக மட்டுமே ஓர் ஒப்பந்தம் செல்லாமல் போகாது என்கிறது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவு.

ஆனால் ஒப்பந்தம் செல்லும் என்பதால் அதில் எழுதிய எல்லாமே செல்லும் என்றாகிவிடாது. இணையம் வருவதற்கு வெகுகாலம் முன்பே, 1960களில், சென்னை உயர் நீதிமன்றம் இதைப் பார்த்துவிட்டது. சலவைக்குக் கொடுத்த புடவை தொலைந்துபோனது. விலையில் ஒரு பகுதிதான் தருவோம், ரசீதில் அச்சடித்திருக்கிறோமே என்றது கடை. அப்படியொரு நிபந்தனை பொதுநலனுக்கு விரோதமானது என்று நீதிமன்றம் தள்ளிவிட்டது. நியாயமான தீர்ப்பு. கடைக்காரரே தொலைத்துவிட்டுச் சொற்பப் பணத்தில் கணக்கை முடிக்க வழிசெய்யும் நிபந்தனை அது.

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்று ஒரு வகையையே வரையறுத்திருக்கிறது. இழப்புக்குப் பொருந்தாத அபராதம், தக்க காரணமின்றி ஒருதலையாக ஒப்பந்தத்தை முறிப்பது போன்றவை அதில் அடங்கும். வழக்கென்றால் எங்கள் ஊரில்தான் என்று நிறுவனம் எழுதிவைத்திருந்தாலும், நுகர்வோர் தான் வசிக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம் என்கிறது 34ஆவது பிரிவு. நடுவர் தீர்ப்பு நிபந்தனை இருந்தாலும் நுகர்வோர் ஆணையத்தின் கதவு மூடப்படுவதில்லை என்பதை ஒரு வீட்டு விற்பனை வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018இல் உறுதிசெய்தது. வாங்குவதற்கான சம்மதத்தை முன்கூட்டியே டிக் செய்து வைக்கக் கூடாது என்பது 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதி.

இத்தனை இருந்தும் ஒரு பெரிய குறை. நியாயமற்ற நிபந்தனையைச் செல்லாது என்று அறிவிக்கும் அதிகாரத்தைச் சட்டம் மாநில, தேசிய ஆணையங்களுக்குத்தான் வெளிப்படையாகக் கொடுத்திருக்கிறது. ஆயிரம் ரூபாய் செருப்புக்கும் இரண்டாயிரம் ரூபாய் மிக்ஸிக்கும் சண்டை போடுகிறவர் முதலில் படியேறுவதோ மாவட்ட ஆணையத்தில். அந்த அதிகாரம் அங்கேயும் வர வேண்டும்.