ஒரு கணினியுட் பல கணினிகள்

ஒரு பொறியினுள்ளே பல பொறிகள் இயங்குமாறு செய்யும் முறை புதியதன்று. ஐ.பி.எம். நிறுவனத்தார் 1960களிலேயே ஒரு பெருங்கணினியைப் பலர்க்குப் பங்கிட்டு, ஒவ்வொருவரும் தத்தமக்கெனத் தனிக்கணினி வாய்த்ததாகக் கருதச் செய்தனர். 1972இல் அதனை வி.எம்.370 என்னும் பெயரால் வெளியிட்டனர். இன்று வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ தொடர்மாடி வீடொன்றின் மூலையிலுள்ள பழைய கணினியும் இதனைச் செய்யவல்லது. இவ்வாறு தோன்றுவதை மெய்நிகர் கணினி என்பர். அதனைத் தாங்குவதைத் தாய்க்கணினி எனலாம்.

மெய்நிகர் கணினி மந்தமாயின், செயலி, நினைவகம், வட்டு என்னும் மூன்றனுள் எது குறையென முதற்கண் அறிதல் வேண்டும். நோய் நாடாது மருந்திடுதல் வீண் செலவாம்.

செயலியை முதலில் நோக்குவோர்க்கு ஒன்று புலப்படும். இன்டெல் 2005இலும் ஏ.எம்.டி. 2006இலும் இதற்கான துணையைச் செயலியிலேயே அமைத்தன; லினக்ஸின் கே.வி.எம். 2007இல் அதனைப் பயன்கொண்டது. எனினும், சில கணினிகளின் தொடக்க அமைப்பில் அத்துணை நிறுத்தப்பட்டிருக்கும்; அதனை இயக்காதவிடத்து வேகம் வாய்ப்பதரிது. மேலும், நான்கு கருக்களையுடைய செயலியில் மெய்நிகர் கணினி ஒவ்வொன்றுக்கும் நான்கு கருக்களை வழங்கின், ஒன்று மற்றொன்றுக்காகக் காத்திருக்க நேரும். இரண்டில் தொடங்கித் தேவைக்கேற்பக் கூட்டுதலே தக்கது. காற்றோட்டமற்ற அலுமாரியுள் வைத்த கணினியின் செயலி, கொழும்பின் வெப்பத்திற் தன்னைக் காத்தற்பொருட்டு வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் என்பதும் நினைக்கற்பாலது.

நினைவகத்தைப் பகிருங்கால் தாய்க்கணினிக்குரிய பங்கை ஒதுக்கிய பின்னரே ஏனையவற்றுக்கு ஈதல் வேண்டும். பங்கு மிகின், தாய்க்கணினி வட்டினை நினைவகமாகக் கொள்ள, யாவும் தளரும். நினைவகம் 4 கிலோபைற்றுப் பக்கங்களாகப் பகுக்கப்படுவது வழக்கம். 2 மெகாபைற்றுப் பக்கமொன்று அத்தகைய 512 பக்கங்களுக்கு ஈடாதலின், முகவரி தேடும் உழைப்பு பெரிதுங் குறையும்.

வட்டும் வலையமைப்பும் பழைய கருவிகளைப் போல நடிக்குமாயின், ஒவ்வோர் அசைவுக்கும் தாய்க்கணினி குறுக்கிட வேண்டியதாகும். விர்ட்டியோ என்னும் முறையில் மெய்நிகர் கணினி தன் நிலையை உணர்ந்து, பொதுவான வரிசையொன்றின்வழிப் பணிகளைத் தொகுத்து ஒப்படைப்பதால், அத்தடை பெரிதும் நீங்கும். சுழல்வட்டுக்குப் பதிலாகத் திண்மநிலை வட்டினை இடுதலும் பெரும்பயன் தரும்.

ஈண்டு ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. வட்டிற் பதிக்குமாறு மெய்நிகர் கணினி விடுக்கும் கட்டளையைப் புறக்கணித்து, பதிந்ததாகவே மறுமொழி கூறும் அமைப்பொன்றுண்டு. அது மிக விரைவானது, ஆயின் மின்சாரம் திடீரென அறுமாயின், பதியாத யாவும் அழியும், கோப்பமைப்பே சிதையவுங்கூடும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேர மின்வெட்டைக் கண்ட நாட்டில் இவ்விடர் கற்பனையன்று. குடும்பத்தின் நிழற்படங்களும் கடைக்கணக்கும் மாணவனின் ஆய்வேடும் அவ்வட்டில் இருத்தல்கூடும். ஆதலின், அவ்வமைப்பு அழிந்தாலும் மீள ஆக்கத்தக்க பரிசோதனைக் கணினிகளுக்கு மாத்திரமே உரியது. ஏனையவற்றுக்குப் பதிவுக் கட்டளையை மதிக்கும் அமைப்பும், கணினிகளை ஒழுங்காக நிறுத்த அவகாசம் தரும் மின்கலத் துணையும் வேண்டும்.

ஒருகால் ஒரு மாற்றமே செய்து, முன்னும் பின்னும் அளந்து பார்ப்பவன் எதனால் விளைந்த பயன் எதுவென அறிவான். பல மாற்றங்களை ஒருங்கே செய்பவனுக்கு வேகம் வாய்ப்பினும் அறிவு வாய்க்காது.