சாலையும் சட்டமும் – 7: ஏழரை டன் வரை

விபத்து இழப்பீட்டு வழக்கில் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் வக்கீல் உடனே கேட்பது ஓட்டுநரின் லைசென்ஸைத்தான். பிரீமியம் ஒழுங்காகக் கட்டியிருந்தாலும், ‘இந்த வண்டியை ஓட்ட இவருக்குத் தகுதியில்லை’ என்று காட்டிவிட்டால், பொறுப்பு வண்டி ஓனர் தலையில் இறங்கிவிடும். இத்தகைய வழக்குகள் பலவற்றில், கம்பெனி முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டு ஓனரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று உத்தரவாகிறது. பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு அது நியாயம். ஒரேயொரு குட்டியானையை நம்பிப் பிழைக்கிறவரோ, வண்டியை விற்றாலும் அந்தக் கடனிலிருந்து மீளமாட்டார்.

1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் இப்போது இலகுரக வாகனத்துக்கு எல்லை 7,500 கிலோ. அந்த எடைக்குள் வரும் சரக்கு வண்டியும் அதில் அடக்கம். 1994 திருத்தம், நடுத்தர, கனரக வகைகளை ‘போக்குவரத்து வாகனம்’ என்று ஒன்றாகச் சேர்த்தது. டாக்ஸியும் சின்ன சரக்கு வண்டியும் அந்த வகையில் சேருமா என்ற குழப்பம் அங்கே பிறந்தது. எல்.எம்.வி. (இலகுரக வாகன) லைசென்ஸ் உள்ளவர் டாக்ஸி ஓட்டவும், சின்ன சரக்கு வண்டி ஓட்டவும் தனி அனுமதி வாங்க வேண்டுமா? வேண்டாம் என்று 2017-ல் முகுந்த் தேவாங்கன் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் சொன்னார்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் விடவில்லை. கடைசியில் 2024 நவம்பர் 6 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு ஒருமனதாக அதையே உறுதிசெய்தது. இப்படிப்பட்ட ஓட்டுநர்களால்தான் விபத்து பெருகுகிறது என்பதற்கு எந்தத் தரவும் முன்வைக்கப்படவில்லை என்பதையும் தீர்ப்பு எடுத்துச் சொன்னது.

இந்தத் தீர்ப்பை மனதார வரவேற்கிறேன். அதே காரை சொந்த வேலைக்கு ஓட்டும்போது இருக்கும் திறமை, வாடகைக்கு ஓட்டும்போது குறைந்துவிடாது.

ஏழரை டன்னைத் தாண்டினால் கதை வேறு. வயது 20 நிரம்பியிருக்க வேண்டும். எல்.எம்.வி. லைசென்ஸ் எடுத்து ஒரு வருடமாவது ஆகியிருந்தால்தான் ஹெவிக்கு எல்.எல்.ஆர். (பழகுநர் லைசென்ஸ்) கிடைக்கும். டிரைவிங் ஸ்கூல் சான்று, டாக்டர் சான்று இரண்டும் கட்டாயம். எட்டாம் வகுப்புத் தேர்ச்சி என்ற நிபந்தனை 2019-ல் நீங்கியது. பள்ளியை விட்டுவிட்டு கிளீனராக லாரி ஏறியவர்களுக்கு அது பல வருடம் அடைத்துக் கிடந்த கதவு. ஆனால் பெட்ரோல், அமிலம், காஸ் போன்ற அபாயகரமான சரக்கு ஏற்றுபவருக்கு ஓர் இந்திய மொழியும் ஆங்கிலமும் எழுதப் படிக்கத் தெரிய வேண்டும். தனிப் பயிற்சிச் சான்றும் வேண்டும். இதில் தளர்வு கூடவே கூடாது. டேங்கரில் ஒட்டியிருக்கும் எச்சரிக்கையைப் படிக்கத் தெரியாமல் அதை ஓட்டினால் ஊருக்கே ஆபத்து.

ஹெவி ஓட்டுகிறவர்கள் இன்றே தங்கள் கார்டை எடுத்துப் பாருங்கள். அதில் இரண்டு தேதிகள் இருக்கும். சொந்த வண்டிக்கு ஒன்று, போக்குவரத்து வாகனத்துக்கு ஒன்று. தூரத்தில் இருக்கும் முதல் தேதியைப் பார்த்துப் பலர் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். இரண்டாவது ஐந்து வருடம்தான். அபாயகரமான சரக்குக்கு மூன்றே வருடம். முன்பு காலாவதியான பிறகும் 30 நாள் செல்லும் என்ற சலுகை இருந்தது. 2019 திருத்தம் அதை எடுத்துவிட்டது. காலாவதிக்கு ஒரு வருடம் முன்பிருந்தே புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம். தேதி கடந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டால், எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் மறுபடி ஓட்டிக் காட்டித்தான் வாங்க வேண்டும்.

(தொடரும்)