அரசுப் பணம் நின்ற பிறகு

சென்னை அண்ணா சாலையில் இன்று காயிதே மில்லத் அரசு மகளிர் கல்லூரி இயங்கும் வளாகத்தில், ஆங்கிலேயர் ஆட்சியின் பிற்காலத்தில், முஸ்லிம் மாணவர்களுக்கென அரசே நடத்திய முகமதியக் கல்லூரி இருந்தது. விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் அது அனைவருக்குமான அரசு கலைக் கல்லூரியாக மாறிப் பின்னர் நந்தனத்துக்கு இடம்பெயர்ந்தது. அந்த மாற்றம் முறையானதே என்றாலும், வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிக்கு வந்த பிள்ளைகளுக்குக் கைகொடுக்கும் பொறுப்பு அத்துடன் அரசிடமிருந்து சமூகத்தின் தோளுக்கு வந்து சேர்ந்தது. தென்னிந்திய முஸ்லிம் கல்விச் சங்கம் 1951-இல் ராயப்பேட்டையில் புதுக் கல்லூரியைத் தொடங்கியது. தோல் வணிகக் குடும்பங்களின் கொடை அதற்குப் பெரிதும் துணைநின்றது. நீதிபதி பஷீர் அகமது சயீத் முன்னின்று அமைத்த அறக்கட்டளை, 1955-இல் தேனாம்பேட்டையில் பெண்களுக்கான கல்லூரியைத் திறந்தது, எஸ்.ஐ.இ.டி. என்று நகரம் அறிந்த அந்தக் கல்லூரி இன்று அவர் பெயராலேயே வழங்குகிறது.

இத்தகைய கல்லூரிகளுக்கு அரசு தரும் உதவி எது, தராதது எது என்பதை இங்கே பிரித்தறிய வேண்டும். அரசு உதவி பெறும் பிரிவில், ஒப்புதல் பெற்ற பணியிடங்களுக்கான ஊதியத்தை அரசு ஏற்கிறது. சுயநிதிப் பிரிவு முழுக்க மாணவர் கட்டணத்தைக் கொண்டே நடக்கிறது. சிறுபான்மையினர் நடத்துவது என்ற காரணத்தால் உதவி மறுக்கக் கூடாது என்று அரசமைப்புச் சட்டத்தின் 30-ஆம் பிரிவு கூறினாலும், பின்தங்கும் மாணவருக்கான மாலை நேர வகுப்போ போட்டித் தேர்வுப் பயிற்சியோ அந்த ஊதியக் கணக்குக்குள் வருவதில்லை. பட்டியல் இன, பழங்குடி, பிற்பட்ட, சிறுபான்மை மாணவர்களுக்கான இப்பயிற்சிகளுக்குப் பல்கலைக்கழக மானியக் குழு ஐந்தாண்டுத் திட்டங்களின் வழியே பணம் தந்துவந்தது. 12-ஆவது திட்டம் 2017 மார்ச்சில் முடிந்தபின் ஐந்தாண்டுத் திட்டம் என்ற முறையே கைவிடப்பட, பயிற்சிகளுக்கான அந்த வழியும் அடைபட்டது.

அடுத்த வெட்டு 2022-இல் விழுந்தது. முஸ்லிம், கிறித்தவர், சீக்கியர், பௌத்தர், பார்சி, சமணர் ஆகிய ஆறு சிறுபான்மையினரில் முனைவர் பட்ட ஆய்வு செய்வோருக்கு மாத உதவித்தொகை வழங்கிய மௌலானா ஆசாத் தேசிய ஆய்வுத் திட்டம் 2022-23 முதல் நிறுத்தப்படுவதாக ஒன்றிய அரசு அந்த ஆண்டு டிசம்பரில் மக்களவையில் தெரிவித்தது. இதே மாணவர்கள் பிற திட்டங்களிலும் பயன்பெற முடியும் என்பது அரசு சொன்ன காரணம். தமிழ்நாட்டு முஸ்லிம்களில் பெரும்பாலோர் பிற்பட்ட வகுப்பினர் பட்டியலில் இருப்பதால் இதைப் புறந்தள்ள இயலாது. ஆனால் அந்தத் திட்டங்களிலும் இடங்கள் வரையறுக்கப்பட்டவையே என்பதால், அதை ஈடு என்று ஏற்பதும் கடினம்.

அரசுப் பணம் நின்றபின் முஸ்லிம் நிறுவனங்கள் முதலில் நாடக்கூடிய ஊற்று ஜகாத், அதாவது வசதி உள்ளோர் தம் செல்வத்தில் ஆண்டுக்கு இரண்டரை விழுக்காட்டை ஏழைகளுக்கெனக் கொடுக்கும் மதக் கடமை. ஏழை மாணவரின் கட்டணத்துக்கும் விடுதிச் செலவுக்கும் அது பொருந்தும். மாலை வகுப்பெடுக்கும் ஆசிரியரின் மதிப்பூதியத்துக்கோ கட்டடத்துக்கோ அதை எடுப்பதை மார்க்க அறிஞர்கள் பலர் ஏற்பதில்லை. ஆகவே அச்செலவுகளுக்குப் பொது நன்கொடையைத் தனியே திரட்ட வேண்டியிருக்கிறது. வைப்பு நிதியின் வட்டியில் உதவித்தொகை தருவது பிற கல்லூரிகளுக்கு எளிய வழி. வட்டியை விலக்கும் சமூகத்தில் அந்த இடத்தைக் கடை, வீடு ஆகியவற்றின் வாடகை நிரப்ப வேண்டும், அறப்பணிக்கென எழுதிவைக்கப்படும் வக்பு சொத்தின் பயனும் அதுதான். கிறித்தவக் கல்லூரிகளுக்கு இடர் வேறு பக்கமிருந்து வருகிறது: வெளிநாட்டு நன்கொடையில் நிர்வாகத்துக்குச் செலவிடக்கூடிய பங்கை 2020-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் 50 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாகக் குறைத்துவிட்டது.

கொடையாளர்கள் மாணவரின் பெயரில் கட்டணம் செலுத்த மகிழ்ந்து முன்வருகிறார்கள். ஆங்கிலப் பாடத்தில் தடுமாறும் அதே மாணவருடன் மாலை ஐந்து மணிக்குப் பிறகு உட்காரும் ஆசிரியரின் நேரத்துக்குப் பணம் தர முன்வருவோர் மிகக் குறைவு. கட்டணம் கட்டப்பட்டும் பாதியில் படிப்பை விடுகிற மாணவரைத் தடுத்து நிறுத்துவது அந்த நேரம்தான் என்பதால், கல்லூரிகள் நன்கொடை கேட்கும்போது உதவித்தொகைக்கு முன்னே அதைக் கேட்க வேண்டும்.