கணிதப் போட்டியும் பல்கலைக்கழக அனுமதியும்

கணித ஒலிம்பியாட்டில் பதக்கம் எடுத்தால் அமெரிக்காவின் பெரிய பல்கலைக்கழகங்களில் இடம் நிச்சயம் என்று உம்மா, வாப்பாமார் பலர் நம்புகிறார்கள். நிச்சயமில்லை. ஆனாலும் அந்தப் பதக்கத்துக்கு அங்கே ஒரு பெறுமதி உண்டு.

இங்கே நமக்கு உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளிதான் வழி. மாவட்ட வெட்டுப்புள்ளியைத் தாண்டினால் இடம், தாண்டாவிட்டால் இல்லை. போட்டிச் சான்றிதழ் எத்தனை இருந்தாலும் இசட் புள்ளி ஒரு தசமமும் கூடாது. மசாச்சுசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்.ஐ.டி.யில் வெட்டுப்புள்ளியே கிடையாது. பாடசாலைப் பெறுபேறு, எஸ்.ஏ.ரி. பரீட்சை, ஆசிரியர்களின் கடிதங்கள், மாணவி தானே எழுதும் கட்டுரைகள் எல்லாவற்றையும் சேர்த்து வாசித்துத்தான் முடிவெடுப்பார்கள்.

விண்ணப்பிப்பவர்களில் ஏராளமானோர் கணிதத்தில் அதியுயர் புள்ளி பெற்றவர்களாக இருக்கும்போது, அவர்களை எப்படிப் பிரித்தறிவது? அங்கேதான் போட்டி உதவுகிறது. அமெரிக்காவின் ஏ.எம்.சி. 12 போட்டியில் 75 நிமிடங்களில் 25 வினாக்கள். சரியான விடைக்கு 6 புள்ளி, பிழைக்கு 0, விடையளிக்காமல் விட்டால் 1.5. ஒவ்வொரு வினாவுக்கும் ஐந்து தெரிவுகள் என்பதால், கண்ணை மூடிக்கொண்டு குறித்தால் சராசரியாக 1.2 புள்ளிதான் கிடைக்கும். தெரியாததை விட்டுவிடுவதே இலாபம்! (நமது பல்தேர்வு வினாத்தாளில் இப்படி இருந்தால் எத்தனை பேர் துணிந்து விடுவோம்?) அதில் மேலே வருபவர்களுக்கு ஏ.ஐ.எம்.ஈ.: மூன்று மணித்தியாலம், 15 வினாக்கள், தெரிவுகளே இல்லை. விடை 0 முதல் 999 வரையான ஒரு முழு எண். அதற்கும் மேலே, இரண்டு நாட்களில் ஒன்பது மணித்தியாலம் இருந்து ஆறே ஆறு கணக்குகளுக்கு நிறுவல் எழுதும் போட்டி. மனனம் செய்த கடந்தகால வினாத்தாள் அங்கே கைகொடுக்காது. எம்.ஐ.டி. விண்ணப்பத்தில் முதலிரு போட்டிகளின் புள்ளிகளை எழுதத் தனி இடமே இருக்கிறது.

எழுத ஒன்றும் இல்லாதவர்கள் அதை வெறுமையாக விடலாம். எல்லாப் பாடசாலைகளிலும் இப்போட்டிகள் நடப்பதில்லை என்பது தெரிவுசெய்பவர்களுக்குத் தெரியும். கிடைத்த வாய்ப்பை வைத்து ஒரு மாணவி என்ன செய்தாள் என்றே பார்க்கிறார்கள். ஆகவே கணக்கில் விருப்பமே இல்லாத பிள்ளையை, விண்ணப்பத்துக்காக மட்டும் உயர்தர வகுப்புகளுக்கு மேல் இன்னொரு பிரத்தியேக வகுப்புக்கு அனுப்புவது வீண் செலவு என்பேன். விருப்பமுள்ளவளோ பழைய ஒலிம்பியாட் கணக்குகளை வீட்டிலிருந்தே செய்து பார்க்கலாம். அவை இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

கட்டணத்தை நினைத்துப் பின்வாங்கும் பெற்றோருக்கு ஒரு தகவல்: எம்.ஐ.டி. அனுமதி வழங்கும்போது வெளிநாட்டு மாணவரின் குடும்ப வருமானத்தையும் பார்ப்பதில்லை. தெரிவானபின், குடும்பத்தால் செலுத்த முடியாதெனக் கணிக்கும் தொகையை உதவியாகத் தருகிறது.