பெட்டிக்குள் இரண்டு டிஸ்க் இருந்தால் போதுமா?

டீ ஆறட்டும், அதற்குள் ஒரு கேள்வி. கல்யாண ஃபோட்டோ, கடை பில், பத்திர ஸ்கேன் என்று எல்லாவற்றையும் வீட்டு நெட்வொர்க்கில் மாட்டிய நாஸ் என்ற சேமிப்புப் பெட்டியில் போட்டு வைத்திருக்கிறீர்கள். கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அதிலிருந்து ஒரு ஃபோல்டரைக் கைதவறி டெலீட் செய்தால் அது எங்கே போகும்?

"ரீசைக்கிள் பின்னுக்கு" என்றுதான் பலரும் சொல்வார்கள். போகாது. விண்டோஸின் ரீசைக்கிள் பின் அந்தக் கம்ப்யூட்டரின் டிஸ்க்குகளுக்கு மட்டும்தான். நெட்வொர்க்கில் இருப்பதை நிரந்தரமாக அழிக்கலாமா என்று கேட்கத்தான் செய்கிறது. நாம்தான் படிக்காமல் 'யெஸ்' அழுத்துகிறோம். சினாலஜி, க்யூநாப் பெட்டிகளில் இதற்கென்று தனி ரீசைக்கிள் ஃபோல்டர் உண்டு, ஆன் செய்திருந்தால். இன்றைக்கே செட்டிங்ஸில் பார்த்துவிடுங்கள்.

"நம்மகிட்ட ரெய்டு இருக்கே சார்" என்பது அடுத்த ஆறுதல். ரெய்டு பற்றிய புகழ்பெற்ற ஆய்வுக் கட்டுரையை 1988-இல் பெர்க்லியில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் எழுதினார்கள். விலை குறைந்த பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஓட்டும்போது ஒன்று செத்தாலும் வேலை நிற்கக் கூடாது என்பது அவர்கள் கவலை. முதலாளி சொல்லச் சொல்ல இரண்டு கணக்குப்பிள்ளைகள் இரண்டு பேரேட்டில் எழுதுவது போலத்தான் ரெய்டு 1. ஒருவர் காய்ச்சலில் படுத்தாலும் மற்ற பேரேடு இருக்கும். "அந்த வரியை அடி" என்றால் இரண்டு பேருமே அடித்துவிடுவார்கள்.

சரி, அழிந்தே விட்டது என்று வைத்துக்கொள்வோம். அழித்தவுடன் தகவல் மறைந்துவிடுவதில்லை. அந்த இடம் காலி என்று குறிக்கப்படுகிறது, அவ்வளவே. புதிதாக ஏதாவது அதன்மேல் எழுதப்படும்வரை பழையது கிடக்கும். அதனால் முதல் வேலை, பெட்டியை முறையாக ஷட் டவுன் செய்வது. சிசிடிவி பதிவும் அதே பெட்டியில் என்றால் ஒவ்வொரு நிமிடமும் நஷ்டம். பிறகு டிஸ்க்குகளில் வரிசை எண் எழுதி ஒட்டிக் கழற்றுங்கள். விண்டோஸில் மாட்டினால் "ஃபார்மட் செய்யவா?" என்று கேட்கும். பெரும்பாலும் அவை லினக்ஸ் முறையில் எழுதப்பட்டவை, விண்டோஸுக்குப் புரியாது. கேன்சல் கொடுங்கள். டிடிரெஸ்க்யூ போன்ற ஒரு மென்பொருளால் டிஸ்க்கை முழுசாக நகலெடுத்து, நகலில்தான் தேட வேண்டும். தேட ஃபோட்டோரெக் என்ற மென்பொருள் இலவசம், ஃபைல் தொடங்கும் அடையாளத்தை வைத்துத் தேடும். ஜேபெக் படத்தின் முதல் மூன்று பைட்டுகள் எப்போதும் ஒன்றுதான். படங்கள் கிடைக்கலாம், பெயரும் ஃபோல்டரும் பெரும்பாலும் கிடைக்காது. சிதறி எழுதப்பட்ட பெரிய வீடியோ அரைகுறையாக வரும். தகவலைப் பல டிஸ்க்குகளில் பிரித்து எழுதும் ரெய்டு 5 என்றால் எல்லா டிஸ்க்கின் நகலையும் முதலில் ஒன்றுசேர்க்க வேண்டும். இது தொழில்காரர்களிடம் விட வேண்டிய வேலை. எஸ்எஸ்டியில் அழித்த இடத்தைத் துடைக்கச் சொல்லும் டிரிம் கட்டளை ஓடியிருந்தால் நம்பிக்கை வைக்காதீர்கள்.

நீங்கள் கையே வைக்காமலும் எல்லாம் அழியலாம். 2021 ஜூனில் வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை புக் லைவ் வைத்திருந்த பலர் எழுந்து பார்த்தால் பெட்டி காலி: இணையம் வழியே யாரோ ஃபேக்டரி ரீசெட் செய்திருந்தார்கள். ரீசெட்டுக்கு பாஸ்வேர்டு கேட்கும் வரிகளே மென்பொருளில் செயலற்றுக் கிடந்தன. 2015-க்குப் பிறகு அப்டேட்டும் வரவில்லை. இரண்டு டிஸ்க் கொண்ட டுவோ மாடலும் இதில் சிக்கியது.

பெட்டி இடம் கொடுத்தால் ஸ்னாப்ஷாட், அதாவது அந்த நேரத்து நிலையின் பதிவு, போட்டு வையுங்கள்; கைதவறியதற்கு அதைவிட வேகமான மருந்து இல்லை. ஆனால் அதுவும் அதே பெட்டிக்குள்தான். யுஎஸ்பி டிஸ்க்கில் ஒரு நகல் எடுத்து, எடுத்ததும் கழற்றிவிடுங்கள். மாட்டியே இருந்தால், ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் அதையும் பூட்டும். இன்னொன்று கிளவுடிலோ தங்கை வீட்டிலோ இருக்கட்டும்.

பேக்கப் ஓடுகிறது என்று பச்சை விளக்கைப் பார்த்து நம்பாதீர்கள். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் டேட்டாபேஸை அழித்துவிட்டார். தினசரி பேக்கப்பைத் தேடினால், மென்பொருள் வெர்ஷன் பொருந்தாமல் அது எடுக்கப்படவே இல்லை. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சலும் போய்ச் சேரவில்லை. சுமார் ஆறு மணி நேரத்துக்கு முன் வேறொரு வேலைக்காகக் கையால் எடுத்த ஸ்னாப்ஷாட்தான் கைகொடுத்தது. அதனால் மாதம் ஒருமுறை அந்த யுஎஸ்பி டிஸ்க்கை வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டி, போன வருடத்து ஃபோல்டர் ஒன்றை எடுத்து, உள்ளே இருப்பதை நிஜமாகவே திறந்து பாருங்கள்.