குறளில் பொறுத்தலும் மறத்தலும்

பிறர் செய்த தீங்கைப் பொறுத்தலும் அதனை மறத்தலும் ஒன்றெனவே பொதுவாகக் கருதப்படுகின்றன. திருக்குறள் இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காண்கிறது. அவ்வேறுபாட்டையும், மறத்தற்கு அந்நூல் காட்டும் வழியையும் விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பொறை என்னும் சொல் பொறுமையை உணர்த்துவதோடு சுமை என்னும் பொருளையும் உடையது. 'பொறையுடைமை' அதிகாரத்தின் (அதி. 16) முதற்குறள், தன்னைத் தோண்டுவாரையும் தாங்கி நிற்கும் நிலத்தை உவமையாக்குவது இப்பொருளோடு இயைகிறது. பொறுப்பவன் பழிவாங்குவதில்லை, எனினும் சுமை அவன் உள்ளத்தை விட்டு இறங்குவதில்லை. அடுத்த குறள் (152) பொறுத்தலினும் மறத்தலை உயர்த்திக் கூறுகிறது. பொறுக்கும்போதும் குற்றம் உள்ளத்தில் கொள்ளப்படுகிறது என்பது இதற்குப் பரிமேலழகர் காட்டும் காரணம்.

ஆயின், மறத்தல் விரும்பிய அளவில் கைகூடுவதோ? மறக்க முயலுந்தோறும் நினைவு வலுப்பெறுதல் யாவரும் அறிந்ததே. இதற்கு விடை 'செய்ந்நன்றியறிதல்' அதிகாரத்தில் (அதி. 11) உள்ளது. கொலையை ஒத்த தீங்கு இழைத்தவரேயாயினும், அவர் முன்பு செய்த நன்மை ஒன்றினை எண்ணிய அளவில் அத்தீங்கு மறையும் என்கிறது 109ஆம் குறள். எனவே, வள்ளுவர் கருதும் மறதி நினைவின் அழிவன்று. ஒரு நினைவின் இடத்தில் மற்றொன்றை நிறுத்துதலாகும்.

நன்மை ஏதும் செய்யாதவரிடத்து இவ்வழி பயன்படாது. அந்நிலையில், துறவறவியலில் இடம்பெறும் 314ஆம் குறள் துணை நிற்கிறது. தீங்குற்றவனே தீங்கு செய்தவர்க்கு நன்மை செய்தல் வேண்டும். பின்னர் இரண்டையும் விட்டுவிடுதல் வேண்டும். தான் செய்த நன்மையையும் மறத்தல் வேண்டும் என்பது கருதத்தக்கது. அதனை நினைத்திருப்பவன், அதற்குக் காரணமான தீமையையும் உடன் நினைத்திருப்பான்.

இதனால், குற்றம் எதுவும் தண்டனைக்குரியதன்று என வள்ளுவர் கொண்டார் எனல் பொருந்தாது. தனிமனிதனிடத்து 155, 156ஆம் குறள்கள் தாழ்த்திக் கூறும் 'ஒறுத்தல்' என்னும் அதே வினை, கொடியோரைத் தண்டிக்கும் வேந்தனுக்குரிய கடமையாக 550ஆம் குறளில் வருகிறது. பயிரைக் காக்கக் களை பறித்தல் அங்கு உவமை.

ஆகவே, தனக்கு நேர்ந்த தீங்கை மறத்தல் ஒருவனது அறம். பிறர்க்கு நேரும் தீங்கைத் தடுத்தல் அரசின் அறம். முன்னதைக் காட்டிப் பின்னதைக் கைவிடுதல் குறள்நெறி ஆகாது.