14416-க்கு போன் பண்ணா என்ன நடக்கும்? மாணவிகள் தெரிஞ்சுக்க வேண்டியது

ப்ளஸ் டூ மார்க், ஹாஸ்டல் தனிமை, இன்ஸ்டாவில் வந்த ஒரு கமெண்ட்... எதுவானாலும் வீட்டில் சொல்லப் பல பெண்கள் தயங்குகிறார்கள். 'சொன்னா படிப்பை நிறுத்திடுவாங்களோ' என்ற பயம்தான். அவர்கள் தயங்காமல் பேச ஒரு எண் இருக்கிறது: 14416.

2022 அக்டோபர் 10, உலக மனநல தினத்தன்று மத்திய அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' சேவை இது. 24 மணி நேரமும் இலவசம்.

போன் பண்ணியதும் மொழியைக் கேட்கும். தமிழைத் தேர்வு செய்யலாம். அடுத்து, பயிற்சி பெற்ற கவுன்சிலர் பேசுவார். தூக்கம் வரல, சாப்பிடப் பிடிக்கல, காரணமே இல்லாம அழுகை வருது என்று ஆரம்பித்தாலே போதும். 'டிப்ரஷன்' என்று நாமே பெயர் வைத்துக்கொண்டு போக வேண்டியதில்லை. தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் இணைப்பார்கள். நேரில் பார்க்க வேண்டியிருந்தால், மாவட்ட மனநலத் திட்டம் வழியாக அரசு மருத்துவமனைக்கு வழிகாட்டுவார்கள்.

சிக்கல் வேறு இடத்தில். பல வீடுகளில் பெண்ணுக்குத் தனி போன் கிடையாது. இருந்தாலும் கால் ஹிஸ்டரியை அண்ணன் பார்ப்பார். பெற்றோர் செய்யக்கூடிய பெரிய உதவி, போனைக் கொடுத்துவிட்டுப் பக்கத்து அறைக்குப் போய்விடுவது. 'என்ன பேசின?' என்ற விசாரணையும் வேண்டாம்.

ஆனால், சாவைப் பற்றிய பேச்சு வந்தால் மட்டும் தனியாக விடக்கூடாது. பக்கத்திலேயே உட்கார்ந்து, நீங்களே போன் போடுங்கள்.

தமிழ்நாட்டில் 104-லும் ஆலோசனை உண்டு. வீட்டிலேயே வன்முறை என்றால் பெண்களுக்கு 181, 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 1098.